பெரட்டுக்களத்துல நீ வச்ச மெஷின்

தம்பி,

அம்மா எழுதுறேன். போன்ல பேசினா நீ பாதியிலயே "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவ. கடிதாசின்னா நீ மூடி வச்சாலும் அது வீட்டுல கிடக்கும், என்னைக்காவது எடுத்துப் படிப்பேன்னு ஒரு நெனப்பு. அனுப்புறதுக்கு முன்னாடி மேட்டு லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்களை உக்கார வச்சு இதை வாசிச்சுக் காட்டப்போறேன். இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. எல்லாம் அவங்க கண்ணு முன்னாடி நடந்தது தான்.

கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்துச்சு. நல்லா அடிச்சிருக்கீங்க, தங்கக் கலர்ல எழுத்து. பண்டாரவளையில கல்யாண ஹோல், பொண்ணோட அப்பா வாத்தியாரா இருந்து பென்சன் எடுத்தவரு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. பொண்ணு நிரோஷாவும் போன்ல பேசினப்போ மரியாதையா தான் பேசிச்சு. நீ, கல்யாணத்துக்கு முந்தின வாரமே லயத்துக் காம்பரா வீட்டைப் பூட்டிச் சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துருங்கம்மா, இனிமே என்கூட பண்டாரவளை வீட்டுல தான் நீங்க, தேயிலைக் கொழுந்து எடுத்தது போதும்னு சொன்ன. பெத்தவளுக்கு இதைவிட வேற என்ன வேணும்னு ஊர் சொல்லும். நான் உடனே பதில் சொல்லல. நீ அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டியோ என்னவோ. வர்றேனா இல்லையான்னு இதுல சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நீ கொஞ்சம் கேக்கணும், இந்தத் தடவையாவது முழுசா கேக்கணும்.

நீ பதுளையில டெக்னிக்கல் படிக்கப் போன புதுசுல, பஜார்ல போன் திருத்துற நானா கடையில இருந்து ஒரு நீலத் தட்டு வாங்கிட்டு வந்த. உள்ளங்கை அளவு தான் இருந்துச்சு. என்னடா இதுன்னு கேட்டதுக்கு, இது மைக்ரோகண்ட்ரோலர்மா, பேரு ஊனோ, நாம எழுதிக் குடுக்கிறதை அப்படியே செய்யும்னு சொன்ன. அதுல ஒரு சின்ன லைட்டை மினுக்கி மினுக்கிக் காட்டின. லயமே வாசல்ல வந்து நின்னு பாத்துச்சு. இதுக்கா இவ்வளவு படிப்புன்னு சிரிச்சாங்க, நீயும் சேந்து சிரிச்ச. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஏன்னா அதுக்கப்புறம் அந்த மாதிரி நீ சிரிச்சதை நான் பாக்கல.

அடுத்து தண்ணித் தொட்டிக்கு ஒண்ணு செஞ்ச. தொட்டியில எப்போ தண்ணி விழும்னு தெரியாம பைப்படியில வாளியை வச்சிக்கிட்டு காத்துக் கிடந்தோம்ல, அதுக்கு. தொட்டிக்குள்ள ரெண்டு வயரை விட்டு, தண்ணி ஏறினதும் நம்ம காம்பராவுல பீப்புன்னு கத்துற மாதிரி. ஊனோ பெருசா இருக்கு, மாஜரின் டப்பாவுக்குள்ள அடங்கலன்னு சின்னதா வேற ஒண்ணு வாங்கின. நானா கிட்ட நானோ வாங்கினேன்னு நாள் முழுக்க அதையே சொல்லித் திரிஞ்ச. அது கத்தினா போதும், பொம்பளைங்க எல்லாம் வாளியோட ஓடுவோம். செத்துப்போன டோர்ச்சு, பாடாத ரேடியோ, போன் சார்ஜர்னு லயத்துல யார் வீட்டுல எது பழுதானாலும் உனக்குத் தான் வந்து சேர்ந்துச்சு. அடுத்த காம்பரா மகேசு அப்போ தான் கல்யாணம் முடிச்சு வந்திருந்தா. தாய் வீட்டுல இருந்து கொண்டாந்த ரேடியோவை, கழட்டிக்கங்க தம்பின்னு உன் கையில குடுத்தா. நல்லா பாடுற ரேடியோ அது. நீ அவளை அண்ணின்னு கூப்பிட்ட. நாங்க வெறும் முறைக்குச் சொல்றதில்லயே அதெல்லாம், நீயும் அப்போ அப்படிச் சொல்லல.

தொட்டியில பீப்பு கத்துறதைப் பாத்துட்டுத் தான் தோட்டத்துச் சின்னத்தொரை உன்னைக் கூப்பிட்டாரு. பெரட்டுக்கு ஒரு மெஷின் செய்ய முடியுமான்னு கேட்டாரு. நீ பறந்துக்கிட்டு வந்த. நானும் தான் பறந்தேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். தொரைமார் ஆபீஸ்ல என் மகனை நாக்காலி போட்டு உக்கார வச்சாங்கன்னு கொழுந்து மலை முழுக்கச் சொன்னேன்.

நிரோஷா இதைப் படிச்சா அதுக்கும் விளங்கணும்ங்கிறதுக்காகச் சொல்றேன். காலையில பெரட்டுக்களத்துல எல்லாரும் கூடி நிக்கணும், கணக்கப்பிள்ளை பேர் போடுவாரு. பேர் விழுந்தா தான் அன்னைக்குச் சம்பளம். பிந்தி வந்தா அரைப்பேரு, பாதிச் சம்பளம். ஆனா கணக்கப்பிள்ளையும் மனுசன் தானே. பிள்ளைக்காம்பராவுல குழந்தையை விட்டுட்டு, அதுக்குப் பால் குடுத்துட்டு, இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு மூச்சு வாங்க ஏறி வர்றவளைப் பாத்தா பேனாவைக் கொஞ்சம் பிடிச்சு வைப்பாரு. "இந்தா வர்றாங்க ஐயா, பிள்ளைக்காம்பராவுல நிக்கிறா"ன்னு நாங்க யாராவது குரல் குடுப்போம். மனுசன் திட்டிக்கிட்டே பேரைப் போட்டுருவாரு. அவரு ஒண்ணும் தங்கமான ஆளு இல்ல, கொழுந்து நிறுக்கையில அவரு பண்ற அநியாயம் வேற கதை. ஆனா காலையில அந்தக் கொஞ்ச நேரம் எங்களுக்கு இருந்துச்சு.

நீ முதல்ல விரல் வைக்கிற மெஷின் செஞ்ச. என் விரல் அதுல ஏறவே இல்ல. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன, தேசிக்காய்ச் சாறைத் தேய்க்கச் சொன்ன, அழுத்துங்கம்மா அழுத்துங்கம்மான்னு சொன்ன. போர்டை மாத்திப் பாத்த, விரல் வைக்கிற கண்ணாடியை மாத்திப் பாத்த. மேட்டு லயத்துல கொழுந்து எடுக்கிற ஒருத்தி விரலும் சரியா ஏறல. கணக்கப்பிள்ளை விரல் வச்சதும் ஏறிச்சு. பேனா பிடிக்கிற விரல், ஏறாம என்ன செய்யும். அன்னைக்கு என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ரேகையே இல்லியேம்மா"ன்னு சொன்ன. உன் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. பிள்ளைக்கு இப்பவாவது விளங்கிச்சேன்னு நான் உள்ளுக்குள்ள அழுதேன். அடுத்த வாரம் கார்டு தட்டுற மெஷினோட வந்து நின்ன. விரல் சரிவராதுங்கிறது மட்டும் தான் உனக்கு விளங்கியிருந்துச்சு.

கார்டு மெஷின்ல வச்ச முதல் போர்டுக்கு நேரம் நிக்காது. கரண்டு போனா மறந்துரும், திரும்பவும் முதல்ல இருந்து எண்ண ஆரம்பிக்கும். காத்து அடிச்சாலே நம்ம தோட்டத்துல கரண்டு போகுது, அப்புறம் என்ன. மத்தியானம் போய்த் தட்டினாலும் விடியக்காலைன்னு எழுதிச்சு. நீ தலையில அடிச்சுக்கிட்ட. என்னைக் கேட்டா நீ வாங்கினதுலயே நல்ல போர்டு அது தான். நீ அதைத் தூக்கிப் போட்டுட்டு, பித்தான் மாதிரி பெட்டரி வச்ச மணிக்கூடு ஒண்ணைச் சேத்த. பேர் எல்லாம் கொள்ள இடம் பத்தல, வைஃபையும் இல்லன்னு அதையும் மாத்தி இஎஸ்பின்னு இன்னொண்ணு எடுத்த. அதுல தட்டின உடனேயே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல விழும்னு சொன்ன. ஒவ்வொரு போர்டு மாத்துறப்பவும் அது இன்னும் கெட்டிக்காரத்தனமா ஆச்சு. நீயும் அதோட சேந்து மாறிக்கிட்டே வந்த, எனக்குத் தான் அது தெரியல.

ஆயுத பூசை வந்துச்சு. கோயில்ல செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, கூடை, மட்டம் பாக்குற மட்டக்கம்பு எல்லாம் அடுக்கி வச்சோம்ல, உன் மெஷினையும் கொண்டாந்து நடுவுல வச்சாங்க. வைக்கச் சொன்னது நான் இல்ல, அவங்களா தான் வச்சாங்க. நம்ம பிள்ளை செஞ்சதுன்னு சொல்லி மகேசு சந்தனம் பூசிப் பொட்டு வச்சா. எல்லாருக்கும் குறையில்லாம பேர் போடணும்னு வாய்விட்டுக் கும்பிட்டா. கார்டு தட்டுற இடத்துலயே சந்தனத்தை அப்பிட்டாளுகன்னு நீ துணியால துடைச்சுத் துடைச்சுச் சிரிச்ச. மறுநாள் எல்லாரும் கழுத்துல கார்டை மாட்டிக்கிட்டு வரிசையில நின்னாங்க. தன் கழுத்துல எதை மாட்டுறோம்னு ஒருத்திக்கும் தெரியல. மாட்டச் சொல்லி வீடு வீடா போனவ உன் அம்மா.

ஒண்ணு மட்டும் உனக்கு நல்லதா சொல்லணும். முதல்ல நீ அதுல கால் மணித்தியாலம் விட்டு வச்சிருந்த. பெரட்டு முடிஞ்ச பிறகும் கால் மணித்தியாலம் முழுப்பேரா எடுத்துக்கும்மா, உள்ளுக்குள்ள எழுதி வச்சிருக்கேன், யாருக்கும் தெரியாதுன்னு என் காதுக்குள்ள வந்து சொன்ன. அப்போ நீ என் மகன். ஆபீஸ்ல அதைக் கண்டுபிடிச்சு எடுக்கச் சொன்னதும் எடுத்துட்ட. ஏண்டான்னு கேட்டேன். "ஒரே ஒரு இடத்துல இலக்கத்தை மாத்தினேன்மா, அவ்வளவு தான். நேரத்தை வைக்கிறது தோட்டம், நான் மெஷின் தானே செஞ்சேன்"னு சொன்ன. சண்டை போட்டிருக்கலாம், முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு எழுந்து வந்திருக்கலாம். அந்த மாசமே உனக்குத் தோட்டத்தை நடத்துற கம்பனியிலயே வேலை கிடைச்சுச்சு. இப்போ ஹல்துமுல்லைப் பக்கம், லுணுகலைப் பக்கம் எல்லாம் உன் மெஷின் நிக்குதாம். அங்கேயும் பிள்ளைக்காம்பரா இருக்கும்.

மகேசுக்குக் கைப்பிள்ளை. அவ புருசன் கொழும்புல கடையில நிக்கிறான், கடைக்குள்ளயே படுக்கிறான். பிள்ளையை விட்டுட்டு ஓடி வந்து இவ கார்டைத் தட்டுறப்போ சிவப்பு லைட்டு எரியும். அரைப்பேரு. மெஷின்கிட்ட யார் போய் "இந்தா வர்றா"ன்னு குரல் குடுக்கிறது? அதனால அவ கார்டை நான் வாங்கி என் கார்டோட சேத்துத் தட்டினேன். திருட்டுன்னு நீ சொல்லுவ. கணக்கப்பிள்ளைகிட்ட வாயால சொன்னதை மெஷின்கிட்ட கார்டால சொன்னேன். அவ வராமலா இருந்தா? வந்துக்கிட்டுத் தான் இருந்தா, மேட்டுல தலை தெரியும். மலையில நிறுத்துப் பாக்கையில அவ கொழுந்து யாருக்கும் குறைஞ்சதே இல்ல.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்த. மகேசு கோழிக்கறி ஆக்கிக் குடுத்தா, நல்லா சாப்பிட்ட, அவ பிள்ளையைத் தூக்கி மடியில வச்சிருந்த. சாப்பிட்டுட்டு, மெஷினைக் கொஞ்சம் பாத்துட்டு வர்றேன்னு பெரட்டுக்களத்துக்குப் போன. பையில புதுப் போர்டு இருந்துச்சு. பட்டாணி அளவுல கண்ணு வச்ச போர்டு, கார்டு தட்டின உடனே படம் பிடிக்கிறது. மினுக்குற லைட்டை லயத்தையே கூட்டிக் காட்டினவன், தண்ணித் தொட்டியில இறங்கி வயரைக் காட்டினவன், இதை மட்டும் ஏன் காட்டல? எங்களைப் பிடிக்கத் தான்னு உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. என்னைப் பிடிக்கும்னு தான் தெரியல.

என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. சின்னத்தொரை போன்ல படத்தைக் காட்டினாரு. தலையில துணி, முதுகுல கூடை, கையில மகேசு கார்டு. நல்லாவே விழுந்திருக்கேன். பயந்துக்கிட்டுத் தான் நின்னேன். அவரோ சிரிச்ச முகமா, "உங்க மகன் பேசினாரு. உங்க மேல தப்பில்லையாம். அந்தப் பொம்பளை தான் உங்களை ஏமாத்தித் தட்ட வச்சிருக்கும்னு சொன்னாரு. நீங்க போங்க"ன்னு சொன்னாரு.

அந்தப் பொம்பளை. அண்ணின்னு கூப்பிட்ட வாயாலயே சொல்லியிருக்க.

"ஐயா, அவ கேக்கவே இல்ல. நான் தான் கார்டைக் குடுடின்னு பறிச்சேன்"னு சொன்னேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரியே சொன்னேன். அவரு நம்பல. வயசானவங்க, பாவம் பாக்குறாங்கன்னு நெனைச்சுக்கிட்டாரு. மெஷினைச் செஞ்சவனே சொல்லிட்டான், கொழுந்து எடுக்கிறவ சொல்லு எங்க எடுபடும். மகேசு வெளியில கூடையோட நின்னா. அவ பதிவு இல்லாத ஆளு, கைக்காசுக்கு வேலை செய்யிறவ. நாளையில இருந்து வர வேண்டாம்னாங்க. சங்கத் தலைவர்மார் வந்து பேசிப் பாத்தாங்க. படம் இருக்கேன்னு சொன்னதும் அவங்களும் எழும்பிப் போயிட்டாங்க.

அன்னைக்கு உனக்குப் போன் எடுத்தேன். உங்களைக் காப்பாத்தத் தானேம்மா சொன்னேன்னு சொன்ன. உன் அண்ணியை யாருடா காப்பாத்துறதுன்னு கேட்டேன். "அவங்களுக்குச் சின்ன வயசு, எங்கயாவது வேலை கிடைக்கும். விடுங்கம்மா, முடிஞ்ச கதை"ன்னு சொன்ன. என் மேல உள்ள பாசத்துல தான் சொன்ன, அது எனக்குத் தெரியாம இல்ல. அந்தப் பாசத்தை நெனைச்சா தான் வயிறு எரியுது. அடுத்த வீட்டுக்காரி வாயில மண்ணைப் போட்டுத் தான் என்னைக் காப்பாத்தணும்னா, நான் உன்கிட்ட எப்போ கேட்டேன் என்னைக் காப்பாத்துன்னு?

உனக்கு முடிஞ்ச கதை. இங்க நடந்ததைச் சொல்றேன். மகேசு கொழும்புல ஒரு பெரிய வீட்டுல சமையல் வேலைக்குப் போயிட்டா. பிள்ளையோட வரக்கூடாதுன்னு அந்த வீட்டுல கண்டிசன். அதனால கவி என்கிட்ட வளருது. உன் மடியில உக்காந்திருந்த பிள்ளை தான், இப்போ வாசல்ல ஓடுது. தாய் கூப்பிடுறதைக் கேட்டு அதுவும் என்னைப் பெரியம்மான்னு கூப்பிடுது. மகேசு ராத்திரியில எங்களுக்குப் போன் எடுப்பா. ஒரு நாளாவது உன்னைத் திட்டுவான்னு பாக்குறேன். தம்பி சுகமா இருக்கான்னு கேக்குறா. அதை என்னால தாங்க முடியலடா. காலையில கவியைப் பிள்ளைக்காம்பராவுல விட்டா அது என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு அழுது. அதைச் சமாதானப்படுத்திட்டு ஏறி வந்தா உன் மெஷின் எனக்குச் சிவப்பு லைட்டு போடுது. உன் அம்மாவுக்கு இப்போ அரைப்பேரு. எனக்காகத் தட்டுறதுக்கு யாரும் முன்னுக்கு வர மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன்.

நீ குடும்பஸ்தன் ஆகப்போற, அதனால அம்மாவா ரெண்டு வார்த்தை. நிரோஷா வேலைக்குப் போற பிள்ளை. வீட்டுக்கு வரப் பிந்தும், சமைக்கப் பிந்தும், உடம்புக்கு முடியாத நாள்ல எழும்பவே பிந்தும். வாசல்ல மணிக்கூட்டோட நிக்காத. முதல்ல உள்ளுக்குள்ள எழுதி வச்சியே ஒரு கால் மணித்தியாலம், அதை வீட்டுல எழுதி வச்சிரு, யார் சொன்னாலும் அழிக்காத. அதுக்காகப் பொய் சொல்லியும் காப்பாத்தாத. நீ ஒருத்தரைக் காப்பாத்தச் சொல்ற பொய் இன்னொருத்தி தலையில தான் போய் விழுது. பிள்ளை பிறந்து அதுவும் உன்னை மாதிரி வயரும் போர்டுமா விளையாடினா விளையாட விடு, தடுக்காத. போர்டு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீ என்ன எழுதினியோ அதைத் தான் அது செஞ்சுச்சு.

கல்யாணத்துக்கு லயத்துல எல்லாருக்கும் வெத்தலை பாக்கு வச்சுச் சொல்லிட்டேன். யாரும் வரமாட்டேன்னு சொல்லல. வர்றேன்னும் ஒருத்தரும் சொல்லல. வெத்தலையை எடுத்துக்கிட்டு, "தம்பி நல்லா இருக்கட்டும்"னு மட்டும் சொன்னாங்க. மகேசுக்குப் போன்ல சொன்னேன். லீவு குடுக்க மாட்டாங்க பெரியம்மான்னு சொல்லிட்டு, தம்பிக்கு என் பேரைச் சொல்லித் திருநீறு பூசிவிடுங்கன்னா.

நான் வர்றேன். போன வாரம் நீ போன்ல, அந்தப் பிள்ளையை அவங்க ஆளுங்க யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்கம்மா, கல்யாண வீட்டுல கேள்வி கேப்பாங்கன்னு சொன்ன. விட மாட்டேன். காம்பராச் சாவியையும் ஆபீஸ்ல குடுக்கல, இடுப்புல தான் இருக்கு. ஹாலிஎலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு, கவிக்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கிக்கிட்டு வருவேன். மாப்பிள்ளையோட அம்மாவுக்குன்னு ஒரு நாக்காலி போட்டிருப்பீங்க, அதுல கவியை மடியில வச்சுக்கிட்டு உக்காருவேன். வாத்தியார் வீட்டு ஆளுங்க, யாரு பிள்ளை இதுன்னு கேப்பாங்க, கேக்கத் தான் செய்வாங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்லணும். என் அண்ணி பிள்ளை, அண்ணி ஏன் இங்க இல்லன்னா நான் ஒரு பொய் சொன்னேன், அதனாலன்னு பொண்ணு வீட்டார் முன்னாடி உன் வாயால சொல்லணும். சொன்னா நானும் கவியும் உன் வீட்டுக்கு வர்றோம், அண்ணி வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கும் அது வீடு. சொல்லலன்னா தாலி கட்டுற வரைக்கும் இருப்பேன், பெத்த கடனுக்கு அட்சதை போடுவேன். ஆனா உன் கல்யாணப் பந்தியில நான் கை நனைக்க மாட்டேன்.

அம்மா